குண்டு வெடித்த இடம்: சேலத்தில் ஒரு வேன் வெடித்த வழக்கு

காலை பத்தரைக்கு கம்பெனியிலிருந்து போன். "சார், குகைப் பக்கம் ஒரு வேன் வெடிச்சிருக்கு. குண்டுன்னு பேசிக்கிறாங்க. போய்ப் பாத்துருங்க."

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். சர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அளப்பது நசுங்கிய வண்டிகளை. மோட்டார் கிளெய்மில் நஷ்டம் 50,000 ரூபாயைத் தாண்டினால், உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கொண்டலாம்பட்டி பைபாஸில் லாரிக்குப் பின்னால் சொருகிய கார், ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காத வண்டி, இப்படித்தான் வரும். வெடித்த வண்டி என்று எனக்கு வந்தது இது ஒன்றுதான்.

நடந்தது 2022 நவம்பர் நடுவில். மாதத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை, கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் ஒரு மாருதி 800 வெடித்தது. ஓட்டி வந்தவர் அங்கேயே இறந்துபோனார். காருக்குள் காஸ் சிலிண்டர், சிதறிக் கிடந்த ஆணிகள், கோலிக்குண்டுகள். அவர் வீட்டைச் சோதனை போட்டதில் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள் என்று 75 கிலோ அளவுக்குப் பொருள் எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. நான்கே நாளில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. கைக்குப் போனது. அந்த மூன்று வாரமும் சேலத்தில் டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு எங்கும் இதே பேச்சு. தெருவில் ரெண்டு நாள் எடுக்காமல் ஒரு கார் நின்றாலே போலீசுக்குப் போன் போட்ட காலம் அது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில், வீடுகள் நெருக்கியடித்த ஒரு தெருவில், விடியற்காலை ஐந்தே காலுக்கு, நின்றுகொண்டிருந்த ஒரு வேன் வெடித்தது. வண்டிச் சொந்தக்காரர் பிரியாணி மாஸ்டர். கல்யாணம், வலிமா என்கிற முஸ்லிம் கல்யாண விருந்து, காதுகுத்து என்று எல்லாச் சாதி மத விசேஷத்துக்கும் சமைப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். பெயரும் தெருவும் இங்கே வேண்டாம்.

முதல் நாள் பார்த்தது

நான் போனபோது கயிறு கட்டி வைத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி போய்விட்டது. வெடிகுண்டு நிபுணர்கள் மோப்ப நாயோடு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடய அறிவியல் ஆள்கள் பஞ்சால் துடைத்துத் துடைத்துச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டார்கள். எனக்கு வழி விட்டது சாயங்காலம் நாலரைக்கு. கூட ஒரு எஸ்.ஐ. நின்றார். "எதையும் தொடாதீங்க சார், பாக்க மட்டும் பாருங்க."

பார்த்தேன். வேனின் கூரை பூரி மாதிரி உப்பியிருந்தது. முன் கண்ணாடி ஒரே தகடாகக் கழன்று பத்தடி தள்ளிச் சாக்கடை ஓரம் கிடந்தது. பக்கக் கதவு தண்டவாளத்தை விட்டு வெளியே வந்து எதிர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தது. பின் கதவு மேல்நோக்கி மடங்கியிருந்தது. எதிர்வரிசையில் நாலு வீட்டு ஜன்னல் கண்ணாடி போயிருந்தது. ஒரு வீட்டில் பீரோக் கண்ணாடியும். உயிர்ச்சேதம் இல்லை. மாஸ்டருக்கு முகமும் இரண்டு கையும் வெந்து, புருவம் கருகி, ஆஸ்பத்திரியில் இருந்தார்.

வண்டிக்குள்ளே எதுவும் இல்லை. இதுதான் எல்லோரையும் குழப்பியது. பெட்ரோல் வண்டி, டாங்க் வெடிக்கவில்லை, பெட்ரோலும் அப்படியே இருந்தது. காஸ் கிட் பொருத்தியதற்கான அடையாளம் கிடையாது. சிலிண்டர் இல்லை. பேட்டரி முழுசாக இருந்தது. வெடிக்கக்கூடிய ஒரு பொருளும் இல்லாத வண்டி வெடித்திருக்கிறது. அப்புறம், தரையெல்லாம் ஆணி. ரெண்டு இன்ச், மூணு இன்ச் ஆணிகள், உள்ளேயும் தெருவிலும்.

ஆணியைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "கோயம்புத்தூர்லயும் இதான."

மாஸ்டரின் மச்சினர் என்னிடம் வந்து, தொழில் போட்டியில் யாரோ வைத்துவிட்டார்கள் என்றார். ஒரு பெயரும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நான் கம்பெனிக்கு அனுப்பிய முதல்கட்டக் குறிப்பில், "தீய நோக்கத்தோடு பிறர் செய்த செயலாக இருக்கலாம், போலீஸ் விசாரணை நடக்கிறது" என்று எழுதினேன். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் அப்படித்தான் எழுதினேன். காலி வண்டியும் ஆணியும் சேர்ந்து என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

இங்கே பாலிசி பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நம் நாட்டு மோட்டார் முழுப் பாலிசியில் சொந்த வண்டிக்கு வரும் சேதத்தில் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பிடித்தல், கலவரம், தீய செயல், பயங்கரவாதச் செயல் எல்லாமே அடக்கம். அதாவது யாரோ குண்டு வைத்திருந்தால் பணம் உண்டு. ஆனால் தனியார் காருக்கான பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள்: வாடகைக்கு ஓட்டக் கூடாது, மாதிரிப் பொருளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது. இந்த வேனில் பின் சீட்டையே கழற்றிவிட்டு அண்டாவும் கரண்டியும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆக, குண்டாக இருப்பதுதான் மாஸ்டருக்கு லாபம் என்று நான் அப்போது நினைத்தேன். அதுவும் தப்பு என்று பிறகு தெரிந்தது.

தெரு சொன்னது

மறுநாள் தனியாகப் போனேன். கயிறு இல்லை, வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போயிருந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். தார் அப்படியே இருந்தது. கீறல் கூட இல்லை. வண்டிக்கு அடியில் நசுங்காமல் கிடந்த ஒரு காகித டீக் கப் மழைத்தண்ணியில் ஊறிக்கிடந்தது.

சேலத்துக்காரனுக்கு வெடி புதுசில்லை. நகரத்தை ஒட்டியே மேக்னசைட் சுரங்கங்கள், வெள்ளைக்கல் என்போம். சேர்வராயன் மலை அடிவாரம் பூராவும் வெட்டிய வெள்ளைக் குழிகள். நான் சின்னப் பையனாக இருந்தபோது வேட்டுச் சத்தத்தை வைத்து மணி சொல்லுவார்கள். கிணறு வெட்டவும் தோட்டாதான், பாறையில் வைக்கும் ஜெலட்டின் வெடி. அந்தத் தெருமுனையில் இஸ்திரிப் பெட்டி போடும் பெரியவர் ஒருவர், வெள்ளைக்கல் சுரங்கத்தில் பல வருஷம் இருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்:

"தோட்டா இல்லீங்க இது. தோட்டான்னா 'டக்'குனு செவுட்டுல அறையும். மண்ணு அதிரும், காலுல தெரியும். இது 'பொம்'முனு உப்பிக்கிட்டு வந்துச்சு. அடுப்பப் பத்த வைக்கறப்ப ஒரு நேரம் 'பக்'குனு வருமே, அதப் பெருசாக்குனாப்புல."

போலீஸ் இவரிடம் கேட்டார்களா என்றேன். "எங்கள எங்கீங்க கேக்குறாங்க" என்றார்.

அவர் காது சொன்னதைத்தான் தடய அறிவியல் நூல்களும் சொல்கின்றன. ஜெலட்டின் மாதிரியான வெடிமருந்து வெடிக்கும் வேகம் நொடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர். இரும்புக்கு வளைந்து கொடுக்க நேரமே கிடைக்காது. கிழியும், நொறுங்கும், வெடித்த மையத்தில் ஓட்டை விழும், கீழே குழி விழும். காஸும் காற்றும் கலந்து எரிவது அதில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஒலியின் வேகத்துக்குக் கீழேதான் நெருப்பு நகரும். அது உடைப்பதில்லை, தள்ளும். நாலா பக்கமும் ஒரே மாதிரி தள்ளும். கூரை உப்பும், கதவு கழலும், கண்ணாடி சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். மையம் என்று ஒரு புள்ளியைக் காட்ட முடியாது.

அது எவ்வளவு தள்ளும் என்பதும் எங்கள் ஊருக்குத் தெரியும். ஒரு வருஷம் முன்பு, 2021 நவம்பர் 23 காலை, இதே சேலத்தில் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் காஸ் கசிந்து வெடித்ததில் அடுத்தடுத்த வீடுகள் சேர்ந்து இடிந்து விழுந்தன. 5 பேர் இறந்தார்கள். அங்கே குண்டும் இல்லை, மருந்தும் இல்லை.

சரி, காஸ் என்றே வைத்துக்கொள்வோம். காஸ் எங்கிருந்து வந்தது?

எதிர்வீட்டம்மா தினமும் ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுபவர். அன்றைக்கு மழை விட்டிருந்தது. "என்னமோ ஊசிப்போன வாடை வந்துச்சுங்க. சாக்கடை அடைச்சிக்கிச்சு போலன்னு நெனச்சேன். மழைக்கு எப்பவும் அப்படித்தான். கோலத்தப் பாதில விட்டுட்டு உள்ள போனேன், கொடம் வெக்கிறதுக்குள்ள படார்னுச்சு."

சமையல் காஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி நாறும். காற்றை விட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம், அதனால் தரையோடு தவழும். குனிந்து கோலம் போடுகிறவருக்குத் தெரிந்தது நடந்து போனவர்களுக்குத் தெரியவில்லை. வாடை சாக்கடைக் கணக்கில் போனதால் போலீசிடம் அந்த அம்மா இதைச் சொல்லவே இல்லை.

ஸ்டேஷனில் வேன்

மூன்றாவது நாள் இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி ஸ்டேஷன் வளாகத்தில் வண்டியைப் பார்த்தேன். மனிதர் தூங்கி ரெண்டு நாள் ஆகியிருக்கும். மேலே இருந்து மணிக்கொரு தடவை போன். "குண்டா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். ரிப்போர்ட்டு வர மாசக்கணக்காவும்."

முதலில் ஆணியைப் பார்த்தேன். எண்பது தொண்ணூறு இருக்கும். ஒன்று கூட எதிலும் குத்தி நிற்கவில்லை. கூரைத் துணியில் ஓட்டை இல்லை, சீட்டு ஸ்பாஞ்சில் இல்லை, தகரத்தில் ஒரு புள்ளி கூட இல்லை. வெடிமருந்தோடு வைத்த ஆணி துப்பாக்கிக் குண்டு மாதிரிப் போகும். எதிர்ச் சுவரெல்லாம் அம்மைத் தழும்பாக இருக்க வேண்டும். இவை வெறுமனே கொட்டிக் கிடந்தன. பாதிக்கு மேல் வளைந்து, தலையில் சுத்தியல் பட்ட ஆணிகள். சிலவற்றில் சணல் நூல். பந்தல் பிரித்தபோது பொறுக்கிப் போட்டவை என்று பந்தல்காரர் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லுவார்.

அடுத்து கருகல். டாஷ்போர்டின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஓரம் மட்டும் சுருண்டு, எழுத்து படிக்கிற மாதிரியே இருந்தது. ஓட்டுநர் சீட்டின் அடிப்பக்கமோ கரியாகியிருந்தது. மேலே லேசு, கீழே பலம். நெருப்பு கீழே அதிகம் இருந்திருக்கிறது. எரிந்த பொருள் கீழே தேங்கியிருந்திருக்கிறது.

பிறகு அந்த ரப்பர் பாய். பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் விரித்திருந்த கறுப்பு ரப்பர். அதில் பாதி உருகிச் சுருங்கியிருந்தது. உருகாத பாதியில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற மாதிரி, துருநிறத்தில் ஒரு வளையம். முழு வட்டம் இல்லை, முக்கால் வட்டம். வளையத்துக்கு உள்ளே இருந்த ரப்பர் மட்டும் புதுசு மாதிரி மினுமினுப்பாக, கரி படாமல் இருந்தது. அதாவது வெடிக்கிற நேரத்தில் அந்த வட்டத்தின் மேல் ஏதோ நின்றிருக்கிறது. வட்டமான, இரும்பு அடி கொண்ட, ஈரத்தில் துரு விடுகிற ஏதோ ஒன்று.

டேப்பால் அளந்து காகிதத்தில் வரைந்துகொண்டேன். ராத்திரி வீட்டுக்குப் போய் சமையலறையில் சிலிண்டரை நகர்த்தி, அடிவளையத்துக்குக் கீழே அந்தக் காகிதத்தை வைத்தேன். ஒட்டிக்கொண்ட மாதிரிப் பொருந்தியது. "இந்நேரத்துல சிலிண்டர்கூட என்ன வெளையாட்டு" என்று வீட்டில் கேட்டார்கள்.

காஸ் கசிந்து வெடிக்கும்போது சிலிண்டர் வெடிக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் வெடிக்காது. கசிந்த காஸ் காற்றோடு கலந்து வெடிக்கும். சிலிண்டர் நட்டநடுவில் சும்மா நிற்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் காஸ் கலந்தாலே தீப்பிடிக்கும், பத்தை நெருங்கினால் காற்று போதாமல் பிடிக்காது. அந்த வேனின் உள்ளளவு நாலு கன மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: 200 கிராமுக்குள் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் 200 கிராம் குறைந்தால் தூக்கிப் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஆக, ஒரு சிலிண்டர் இருந்தது. வெடித்த பிறகும் இருந்தது. போலீஸ் வருவதற்குள் காணாமல் போனது.

டீ

நாலாம் நாள் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அவர் மனைவியும் மச்சினரும் இருந்தார்கள். கடைசியாக எந்த விசேஷத்துக்குச் சமைத்தார் என்றேன். முந்தின ராத்திரி ஒரு வலிமா, 400 பேருக்கு. பாத்திரக் கடை வாடகைச் சீட்டைக் காட்டச் சொன்னேன். அண்டா, சட்டுவம், தட்டு, அடுப்பு 3, டியூப் 3. காஸ் ஏஜென்சி ரசீதைப் பார்த்தேன். 19 கிலோ வணிக சிலிண்டர் 2.

"அடுப்பு மூணு, சிலிண்டர் ரெண்டா?"

"ரெண்டுலயே மாத்தி மாத்தி..." என்றார் மச்சினர்.

அதற்குள் அந்த அம்மா டீ கொண்டுவந்தார். நான் இருந்த இடத்திலிருந்து சமையலறை தெரிந்தது. மேடையில் காஸ் அடுப்பு. அதன் மேலேயே ஒரு புது இண்டக்‌ஷன் அடுப்பு, பெட்டியில் வந்த தெர்மகோல் கூட இன்னும் பக்கத்தில் இருந்தது. அதில்தான் டீ போட்டிருந்தார்கள். காஸ் அடுப்பின் ஆரஞ்சு டியூப் மேடைக்குக் கீழே தொங்கியது; நுனியில் ரெகுலேட்டர், ரெகுலேட்டருக்குக் கீழே வெறும் தரை. தரையில் துருநிறத்தில் ஒரு வளையம்.

நான் பார்ப்பதை மச்சினர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீயை முழுக்கக் குடித்தேன்.

"எங்க பேரெல்லாம் உங்களுக்குத் தெரியும்ல சார்" என்றார் அவர். "மூணு வாரந்தான் ஆச்சு கோயம்புத்தூர்ல நடந்து. சத்தம் கேட்டு ஓடுறேன், மச்சான் கீழ கெடக்காரு, வண்டிக்குள்ள செவப்பா சிலிண்டரு நிக்குது. பேப்பர்ல எல்லாம் அதான போட்டான், காருக்குள்ள சிலிண்டருன்னு. அதப் பாத்தாங்கன்னா யாரு சார் நம்புவாங்க, பிரியாணிக்குக் கொண்டு போனதுன்னு? தூக்கிட்டேன்."

இன்னும் சீறிக்கொண்டிருந்த சிலிண்டரை ஈரச் சாக்கில் சுற்றி, பின்வழியாகச் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏற்றியிருக்கிறார். அங்கே இருந்த வேறொரு சிலிண்டரின் வெள்ளை மூடியை, நைலான் கயிறு கட்டியிருக்குமே அந்த மூடியை, எடுத்து அழுத்தியதும் சீறல் நின்றிருக்கிறது. ஆணியை அவர் கவனிக்கவே இல்லை.

பணத்துக்காக மறைத்தார்கள் என்று நான் போட்டிருந்த கணக்கு அங்கே உடைந்தது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. குண்டு என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் தூக்கிய சிலிண்டர்தான், ஊரையும் போலீசையும் என்னையும் குண்டு என்று நினைக்க வைத்தது. அது அங்கேயே நின்றிருந்தால் காலை ஏழு மணிக்கு ஒரு தீயணைப்பு வீரர் பார்த்துவிட்டு "காஸ் லீக்கு" என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

போட்டிக்காரர் பெயரைச் சொன்னது? "யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல சார்." அந்த மனிதரை ரெண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். இந்த வழக்கில் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாத இடம் அது ஒன்றுதான். பயம் புரிகிறது, பக்கத்துத் தெரு சமையல்காரரின் பெயர் வாயில் வந்தது எப்படி என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நானே போய்ச் சொல்லவில்லை. "நீங்களே இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லுங்க, நான் கூட வர்றேன்" என்றேன். வக்கீல் ஒருவரோடு அன்று சாயங்காலமே போனோம். இன்ஸ்பெக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருந்தா" என்று மட்டும் சொன்னார்.

அந்த ராத்திரி நடந்தது

வலிமா முடிந்து பாத்திரங்களை வாடகைக் கடையில் இறக்கியபோது மணி பன்னிரண்டு. வணிக சிலிண்டர் இரண்டும் காலி. அவற்றையும் அங்கேயே வைத்துவிட்டார்கள். மூன்றாவது, வீட்டுச் சிலிண்டர். பாதிக்குப் பாதி காஸ் இருந்ததால் வீட்டுக்கு வர வேண்டியது. வீட்டுச் சிலிண்டரை ஏன் கொண்டுபோனார் என்றால், அன்றைய விலையில் கிலோவுக்கு ஏறக்குறைய 25 ரூபாய் வித்தியாசம். மாஸ்டர்களில் பாதிப் பேர் செய்வதுதான், சட்டப்படி குற்றம்தான்.

வீட்டுக்கு வந்தபோது கொட்டும் மழை. தூக்க ஆள் இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். எப்போதும் ஒரு விரல் திறந்து வைக்கும் பின் ஜன்னலை மழைக்காக இறுக்கிச் சாத்தினார். மூடியைப் பந்தலிலேயே தொலைத்திருந்தார்கள். ஏஜென்சி மெக்கானிக் பிறகு ஸ்டேஷனில் வைத்து வால்வில் சோப்புத் தண்ணி ஊற்றியபோது, நடுவில் கடுகளவு ஒரு நுரை வந்து, பெரிதாகி, உடைந்து, மறுபடி வந்தது. உள்ளே ரப்பர் வாஷர் விரிசல் விட்டிருந்தது. அந்தக் கடுகளவு நுரைதான் ஐந்து மணி நேரம் வேனுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. எடை போட்டுப் பார்த்ததில், கழுத்தில் பொறித்திருந்த காலி எடை போக 6 கிலோவுக்கு மேல் காஸ் மிச்சம்.

விடியற்காலை கறி எடுக்கக் கிளம்பியவர் வேன் கதவைத் திறந்தார். கதவைத் திறந்தால் கூரை விளக்கு எரிய, கதவுத் தூணில் கீழே ஒரு சின்னப் பித்தான் சுவிட்ச் இருக்கும். அதில் வரும் பொறி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டபோது சொன்னது: "லைட்டு எரிஞ்சுச்சு சார். அப்புறம் நான் எதுத்த வூட்டு வாசப்படியில இருந்தேன்." கதவுக்குப் பின்னால் நின்றதால் தப்பினார், பாதிக் கோலத்தின் மேல் போய் விழுந்திருக்கிறார்.

உண்மையான கார் குண்டு விசாரணை வேறு பாதையில் போகும். அங்கே முதல் கேள்வி, வண்டி யாருடையது. கோவையில் சேசிஸ் எண்ணைப் பிடித்து, கைமாறிக் கைமாறி வந்த ஒவ்வொரு சொந்தக்காரராகப் போய்க் கடைசி ஆளைத் தொட்டார்கள். 1993 மார்ச் 12 பம்பாயில் 12 இடங்களில் வெடித்து 257 பேர் இறந்த வழக்கில், ஒர்லியில் விட்டுவிட்டுப் போன ஒரு மாருதி வேனின் பதிவு எண்தான் முதல் நூல். அதே வருஷம் பிப்ரவரியில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் வெடித்த வாடகை வேனின் ஒரு துண்டு இரும்பில் எண் கிடைத்தது. வண்டியை எடுத்தவர் அது திருடுபோய்விட்டதாகச் சொல்லி 400 டாலர் அட்வான்ஸைத் திரும்ப வாங்க வந்த இடத்தில் மாட்டினார். எங்கள் வேனில் நம்பர் பிளேட்டு நெளியக்கூட இல்லை. தன் வண்டியில் தானே குண்டு வைத்துக்கொண்டு கறி வாங்கக் கிளம்புவாரா என்று முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம்.

கிளெய்ம்

நெருப்பையும் எரிபொருளையும் அஜாக்கிரதையாகக் கையாண்டது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் 285-ம் பிரிவில் வழக்கு திருத்தி எழுதப்பட்டது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தியது தனி.

அப்போதைய விதிப்படி 30 நாளுக்குள் என் அறிக்கையைக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தேன். முதல்கட்டக் குறிப்பு தவறு என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். வேன் சேதத்துக்கான பணத்தைக் கம்பெனி மறுத்துவிட்டது. இதில் ஒரு வேதனை உண்டு. பயன்பாட்டு விதியை மீறினாலும் அடியோடு மறுக்காமல் ஒரு பங்கு, 75 சதவீதம் வரை, கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு தீர்ப்பில் வழி காட்டியிருக்கிறது. உள்ளதைச் சொல்லியிருந்தால் அதைக் கேட்டு வாதாட இடம் இருந்தது. சிலிண்டரை மறைத்துப் போட்டிக்காரர் பெயரைச் சொன்ன பிறகு, தகவலை மறைத்தது என்ற ஒரே வரியில் கம்பெனி முடித்துக்கொண்டது. மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மறுக்க வேண்டாம் என்றும் எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

எதிர்வரிசை வீட்டு ஜன்னல்கள் விஷயம் வேறு. மூன்றாம் நபர் சேதத்துக்கு, வண்டியைப் பயன்படுத்தியதால் வந்த சேதமா என்பதுதான் கேள்வி. நின்றுகொண்டிருந்த வண்டி பயன்பாட்டில் இருந்ததா? 1991-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டாங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்து, பெட்ரோல் பிடிக்கப் போனவர்கள் இறந்த வழக்கில், அதுவும் வாகனப் பயன்பாட்டினால் வந்ததுதான் என்றார்கள். இதை எதிர்வீட்டம்மாவிடம் சொல்லி மனுப் போடச் சொன்னேன். "அந்தப் பையன் வந்து மூணு கண்ணாடி போட்டுக் குடுத்துட்டானுங்க. பீரோவுக்கு மட்டும் அடுத்த மாசம்னான். கோர்ட்டுக்கெல்லாம் எதுக்கு" என்றார். மச்சினரைத்தான் சொன்னார்.

தடய அறிவியல் அறிக்கை மாசக்கணக்கு கழித்து வந்தது. வெடிமருந்துத் தடயம் இல்லை என்று இரண்டு வரி. அதற்குள் வேன் ஸ்டேஷன் சுவரோரம் துருப்பிடித்து, உப்பிய கூரையில் வேப்பஞ்சருகு சேர்ந்திருந்தது.

போன மாசம் வேறொரு வண்டி பார்க்க அந்தப் பக்கம் ஆட்டோவில் போனேன். தெருப் பெயரைச் சொன்னேன். ஓட்டுநருக்குப் பிடிபடவில்லை. இஸ்திரி வண்டி நிற்குமே, பெரியவர், என்றேன்.

"அட, குண்டு வெடிச்ச எடங்களா? மொதல்லயே சொல்றதில்லீங்களா" என்று வண்டியைத் திருப்பினார்.